யார் சொன்னது?

சென்ற மாதம் எனக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் கல்லூரி மாணவர். இருபது வயது என்று அவரே குறிப்பிட்டிருந்தார். இந்தப் பக்கங்களில் நான் எழுதிய ஒரு மதிப்புரையைப் படித்திருக்கிறார். ஒரு கவிஞரின் தொகுப்பைப் பற்றியது அது. கவிஞரின் பெயர் இங்கு அவசியமில்லை. தொகுப்பு தேறாது என்று எழுதியிருந்தேன். அந்தக் கவிஞரை இரண்டு வருஷமாக விடாமல் படித்து வந்ததாகவும், பல கவிதைகள் தனக்கு மனப்பாடம் என்றும், என் கட்டுரைக்குப் பிறகு தன் அறியாமை தனக்கு விளங்கிவிட்டது என்றும் மாணவர் எழுதுகிறார். கவிஞரின் புத்தகங்கள் மூன்றையும் பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போட்டுவிட்டாராம். கடைசி வரியில் எனக்கு நன்றி.

முதலில் எனக்கு ஏற்பட்டது சந்தோஷம்தான். மறைப்பதற்கில்லை. சில நூறு பேர் மட்டுமே பார்க்கும் ஒரு பத்திரிகையில் எழுதுகிறவனுக்கு, எழுதியது ஒருவரிடத்தில் காரியமாக மாறியது என்று கேட்பதில் கிடைக்கும் போதை சாதாரணமானதல்ல. கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வங்கிக்குப் போனேன். மத்தியானம் சாப்பாட்டு வேளையில் இன்னொரு முறை படித்தேன். அப்போதுதான் ஒன்று உறைத்தது. அந்தக் கடிதத்தில் கவிதை எதுவும் இல்லை. இரண்டு வருஷம் படித்தவர், மனப்பாடம் செய்தவர், எந்தக் கவிதையில் எந்த இடம் இப்போது தனக்குப் பொய்யாகத் தெரிகிறது என்று ஒரு வார்த்தை எழுதவில்லை. நான் எழுதியதையே, என் சொற்களிலேயே, எனக்குத் திருப்பி எழுதியிருந்தார். ஒரு கவிஞரை விட்டு வெளியே வந்தவர் நேராக என்னிடம் வந்து சேர்ந்திருக்கிறார். அவர் நகர்ந்த தூரம் அவ்வளவுதான்.

எனக்கு இது புதிதல்ல. பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் இதே கடிதத்தை நான் எழுதாமல் எழுதியவன். அதைச் சொன்னால்தான் நான் கேட்க நினைக்கும் கேள்வி விளங்கும்: சரியான அபிப்பிராயம் ஒன்று, அது நம்முடையதாக இல்லாதபோது, பொய்யாகிவிடுமா?

2

என் பெயர் அரவிந்தன். அக்காள் பெயர் பூரணி. இந்த இரண்டு பெயரையும் சேர்த்துக் கேட்டால் ஒரு தலைமுறைக்கு உடனே விஷயம் புரிந்துவிடும். நா. பார்த்தசாரதி மணிவண்ணன் என்ற பெயரில் ‘கல்கி’யில் தொடராக எழுதிய ‘குறிஞ்சி மலர்’ நாவலின் நாயகனும் நாயகியும். தமிழ்நாட்டில் அந்த நாவலுக்காகப் பிள்ளைகளுக்குப் பெயர் வைத்தவர்கள் ஏராளம். அதில் அரவிந்தன் இறந்துபோகிறான். அதையும் மீறி மகனுக்கு அந்தப் பெயரை வைத்தார்கள் என்றால் அந்தப் பிடிப்பு எப்படிப்பட்டதாக இருந்திருக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் அந்தத் தொடர் பைண்டு செய்யப்பட்ட பிரதி ஒன்று இருந்தது. வாராவாரம் பத்திரிகையிலிருந்து கிழித்துச் சேர்த்தவள் பாட்டி. அப்பா அதைப் படித்து வளர்ந்தவர். அவர் தபால் இலாகாவில் ஸார்ட்டராக இருந்தார். இரவு டியூட்டி முடிந்து காலையில் வீட்டுக்கு வந்தால், குளித்து, ஒரு டம்ளர் காப்பி குடித்து, தூக்கம் வரும்வரை அந்தப் பைண்டில் எங்காவது ஓர் இடத்தைத் திறந்து படிப்பார். ஒரே புத்தகத்தை இத்தனை முறை படிக்க என்ன இருக்கிறது என்று அம்மா கேட்பாள். பதில் வராது.

கச்சேரி ரோடு வந்து சாந்தோம் நெடுஞ்சாலையில் முட்டும் இடத்துக்குப் பக்கத்தில் அப்போது எங்கள் வாடகை வீடு. நான் ஆங்கில இலக்கியம் பி.ஏ. இரண்டாம் வருஷம். லஸ் பக்கம் நடைபாதையில் பழைய புத்தகம் விற்கும் ஒருவரிடம் ஒருநாள் சிறு பத்திரிகைகளின் கட்டு ஒன்று பத்து ரூபாய்க்குக் கிடைத்தது. சணல் கயிறு போட்டுக் கட்டிய கட்டு. மாதா கோயிலுக்குப் பின்னால் கடற்கரையில், படகுகள் இழுத்துப் போட்டிருக்கும் இடத்தில் உட்கார்ந்து இருட்டும் வரை படித்தேன். தமிழில் இப்படியெல்லாம் எழுதுவார்களா என்று இருந்தது. வகுப்பில் ஷேக்ஸ்பியரைப் பற்றிச் சொல்வதற்குப் பதில் எழுதி மார்க்கு வாங்கிப் பழகியவனுக்கு, ஒருவர் இன்னொருவரின் நாவலை நேருக்கு நேர் நின்று இது இலக்கியமல்ல என்று சொல்ல முடியும் என்பதே பெரிய திறப்பாக இருந்தது. கட்டில் ஒரு கட்டுரை, தொடர்கதை எழுத்தாளர்களை வரிசையாக நிறுத்தி ஒவ்வொருவரையும் இரண்டு இரண்டு வாக்கியத்தில் முடித்திருந்தது. அந்த வரிசையில் எங்கள் வீட்டுப் பைண்டும் இருந்தது. லட்சியப் பொம்மைகள், மேடைப் பேச்சு, கனவு வியாபாரம் என்ற ரீதியில்.

அவமானமாக இருந்தது. பிறந்ததிலிருந்து யாரோ ஒட்டி வைத்த சீட்டை முதுகில் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறேன் என்பது போல. என் பெயரே ஒரு மோசமான ரஸனையின் சாட்சி. இரண்டு நாள் கழித்துக் காலையில் அப்பா வழக்கம்போல் பைண்டைத் திறந்தபோது சொன்னேன்: “இதெல்லாம் இலக்கியமே இல்லப்பா.”

அவர் கோபப்படவில்லை. நிமிர்ந்து பார்த்தார். “அப்படியா? யாரு சொன்னா?”

“நான்தான் சொல்றேன்.”

“சரி. எந்த இடத்துல சரியில்ல, சொல்லு, பாக்கலாம்.” பைண்டை என் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

எனக்குச் சொல்ல ஓர் இடமும் தெரியவில்லை. காரணம் எளிது. எந்த நாவலின் பெயரைச் சுமந்தேனோ, அதை மூன்று அத்தியாயத்துக்கு மேல் நான் படித்ததில்லை. மொத்தமாகவே அப்படித்தான், உங்களுக்குப் புரியாது என்று எதையோ சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். அதற்குப் பிறகு அவர் நான் வீட்டில் இருக்கும் நேரத்தில் அந்தப் பைண்டை எடுத்ததில்லை. மேல் அலமாரியில் பஞ்சாங்கங்களுக்குப் பின்னால் போய்விட்டது. நான் அதை ஒரு வெற்றி என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

3

அப்பா அன்று கேட்ட இரண்டு கேள்விகளும் தமிழ் விமர்சனத்தின் மையக் கேள்விகள் என்பது எனக்கு விளங்கப் பல வருஷங்கள் ஆயின. தரமணியில் ரோஜா முத்தையா நூலகத்தில் உட்கார்ந்து பழைய ‘எழுத்து’ இதழ்களைப் புரட்டியபோதுதான் விளங்கியது.

சி.சு. செல்லப்பா 1959 ஜனவரியில் திருவல்லிக்கேணி பிள்ளையார் கோயில் தெருவிலிருந்து ‘எழுத்து’வைத் தொடங்கினார். இரண்டாயிரம் பிரதிக்கு மேல் அச்சிடப் போவதில்லை என்று முதலிலேயே அறிவித்துவிட்டார்; அந்த எண்ணிக்கையை அது நெருங்கவே இல்லை என்பது வேறு விஷயம். மாதப் பத்திரிகையாகவும் பிறகு காலாண்டிதழாகவும் 1970 வரை 119 இதழ்கள். இந்தப் பத்திரிகையின் முக்கியத்துவம் புதுக்கவிதை என்றே நாம் சொல்லிப் பழகிவிட்டோம். 24 பேரின் 63 கவிதைகளோடு 1962ல் வந்த ‘புதுக் குரல்கள்’ தொகுப்பு அந்தப் பேச்சுக்கு ஆதாரம். ஆனால் செல்லப்பா பத்திரிகை ஆரம்பித்தது கவிதைக்காக அல்ல, விமர்சனத்துக்காக.

அவருக்கும் க.நா. சுப்ரமண்யத்துக்கும் இருந்த கருத்து பேதம் இங்கே நினைக்க வேண்டியது. க.நா.சு. உலக இலக்கியத்தில் ஊறிய ஒரு வாசகனின் நிதானத்தில் பேசினார். இது தேறும், இது தேறாது. கல்கியின் நாவல்கள் இலக்கியத்தில் சேராது. முடிவைச் சொல்வார், காரணத்தை அடுக்குவது வாத்தியார் வேலை என்ற அலட்சியம் அவரிடம் உண்டு. நல்ல புத்தகங்களைப் பட்டியலிட்டுக் கொடுத்தால் வாசகன் படித்துத் தானே தேறிக்கொள்வான் என்ற நம்பிக்கையும் உண்டு. செல்லப்பாவோ அலசல் வேண்டும் என்றார். எந்த வரி, எந்தச் சொல், எங்கே இறங்குகிறது, ஏன்? அமெரிக்க, ஆங்கிலப் புது விமர்சகர்களை அவர் படித்திருந்தது இதற்கு ஒரு காரணம். ஆனால் அதைவிட அடிப்படையான காரணம், காட்ட முடியாத தீர்ப்பை ஏற்க மறுக்கும் அவருடைய பிடிவாதம் என்றே எனக்குப் படுகிறது.

க.நா.சு.வின் முறையில் எழும் கேள்வி ‘யார் சொன்னது?’ என்பது. செல்லப்பாவின் முறையில் எழும் கேள்வி ‘எந்த இடத்தில்?’ என்பது. ஒரு தொடர்கதை ரஸிகர், ‘எழுத்து’ என்ற பெயரையே கேள்விப்படாத ஒரு தபால் ஸார்ட்டர், நியாயமான வரிசையில் இரண்டையும் கேட்டார். செல்லப்பாவின் கட்சியில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்த நான் இரண்டுக்கும் பதிலில்லாமல் ஓடினேன்.

அதே இதழ்களில் இன்னொன்றையும் பார்த்தேன். பத்திரிகையின் விமர்சனத்தை இளம் வாசகர்கள் எப்படி எதிர்கொண்டார்கள் என்பது. 1960 ஜனவரி இதழில் ‘நான்’ என்ற கவிதை. எழுதியவர் திரிகோணமலையிலிருந்த தருமு சிவராமு, பின்னால் பிரமிள். 1939 ஏப்ரலில் பிறந்தவர். அந்த இதழ் வந்தபோது இருபத்தொன்று நிறையவில்லை. கவிதையோடு நிற்கவில்லை. கவிதையைப் பற்றிய கட்டுரைகளும் அதே கையிலிருந்து வருகின்றன. கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, தபாலில், தன்னைவிட ஒரு தலைமுறை மூத்தவர்களோடு சமதையாக உட்கார்ந்து ஒருவர் பேசுகிறார். அதே 1960ல் டில்லியில் அரசு உத்தியோகத்திலிருந்த வெங்கட் சாமிநாதன், வயது இருபத்தேழு, ஒரு வாசகராகக் கடிதம் எழுதுகிறார். செல்லப்பா அதைக் கடிதமாக ஒதுக்காமல் எழுத்தாகவே பிரசுரிக்கிறார். பின்னால் அவர் எழுதிய ‘பாலையும் வாழையும்’ நம் சூழல் முழுவதையுமே விசாரணைக்கு இழுத்தது. 1976ல் அந்தப் பெயரிலேயே புத்தகமாகவும் வந்தது. இருவரும் கல்லூரியில் இலக்கியம் படித்தவர்களல்ல.

இவர்கள் செல்லப்பாவைப் படித்துவிட்டு செல்லப்பா சொன்னதைத் திருப்பிச் சொல்லவில்லை. அவரே போகாத இடத்துக்குப் போனார்கள். பின்னால் அவரோடு முரண்பட்டார்கள். இருவரும் தங்களுக்குள்ளும் கடுமையாக மோதிக்கொண்டார்கள். அந்தச் சண்டைகளின் எல்லாப் பக்கமும் அழகாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்று. அவர்களில் யாரையும் பார்த்து ‘யார் சொன்னது?’ என்று கேட்க வேண்டிய அவசியம் இருந்ததில்லை. சொன்னது யார் என்பது வரிக்கு வரி தெரிந்தது.

பத்தொன்பது வயதில் நான் படித்ததும் அந்த வழியில் வந்த எழுத்துதான். அவர்கள் அதற்குப் பதில் எழுதினார்கள். நான் கீழ்ப்படிந்தேன். இரண்டுக்கும் எதிர்வினை என்றே நாம் பெயர் வைத்திருக்கிறோம்.

4

இப்போது கேள்விக்கு வருகிறேன். நான் அப்பாவிடம் சொன்ன இரண்டு வாக்கியங்களில் எது பொய்?

‘இதெல்லாம் இலக்கியமே இல்லை’ என்பது பொய்யல்ல என்று வைத்துக்கொள்வோம். பொய் ‘நான்தான் சொல்றேன்’ என்பதில் இருந்தது. ஒரு நாவலைப் பற்றிய தீர்ப்பு வேறு வகை வாக்கியங்களைப் போன்றதல்ல. சாந்தோம் கோயிலின் இன்றைய கட்டிடம் 1896ல் எழுந்தது என்று நான் சொன்னால், அதை நான் அளந்து பார்த்தேனா என்று யாரும் கேட்க மாட்டார்கள். யாரோ சொல்லி நான் தெரிந்துகொண்டேன், அது போதும். ஆனால் ‘இந்தக் கவிதை பொய்’ என்று சொல்லும்போது அந்த வாக்கியத்துக்குள்ளேயே இன்னொரு வாக்கியம் அடங்கியிருக்கிறது: நான் அதனோடு இருந்தேன், அது எனக்கு இப்படி ஆயிற்று. அந்த உள்வாக்கியம் இல்லையென்றால் வெளிவாக்கியம் உண்மையாக இருந்தும் பயனில்லை, பேசியவன் பொய்யன்.

பிளேட்டோவின் ‘மேனோ’ உரையாடலில் இதற்குப் பக்கத்தில் ஒரு விவாதம் வருகிறது. லாரிஸா ஊருக்கு வழி தெரிந்தவனும், போனதேயில்லை என்றாலும் வழியைச் சரியாக ஊகித்திருப்பவனும், இருவருமே நம்மை ஊர் கொண்டு சேர்த்துவிடுவார்கள். அப்படியானால் அறிவுக்கும் சரியான அபிப்பிராயத்துக்கும் என்ன வித்தியாசம்? சரியான அபிப்பிராயம் டீடலஸ் செய்த சிலைகளைப் போல. கட்டி வைக்காவிட்டால் ஓடிப்போய்விடும் என்கிறார் ஸாக்ரடீஸ். காரணம் என்ற கயிற்றால் கட்ட வேண்டும். அப்பா பைண்டைத் திருப்பி வைத்த கணத்தில் என் அபிப்பிராயம் ஓடிப்போனதை நானே பார்த்தேன்.

ஆனால் ரஸனை விஷயத்தில் லாரிஸா உவமை முழுக்கப் பொருந்தவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. வழி விஷயத்தில் ஊர் சேர்வது முக்கியம். யார் காலால் என்பது முக்கியமல்ல. கவிதையில் சேருமிடம் என்று தனியாக ஒன்று இல்லை. நடப்பதுதான் எல்லாம். முடிவை மட்டும் வாங்கிக்கொண்டவன் பாதி வழியில் நிற்கிறவனல்ல, கிளம்பாதவன்.

கான்ட் தன் மூன்றாவது விமர்சன நூலில், 1790ல் வந்தது, ஓர் இளம் கவிஞனை உதாரணமாகக் காட்டுகிறார். தன் கவிதை அழகானது என்ற அவன் நம்பிக்கையைச் சனங்களின் தீர்ப்போ நண்பர்களின் தீர்ப்போ அசைக்க முடியாது. பின்னால், பயிற்சியால் தன் தீர்ப்பே கூர்மையடைந்தபின், அவனே தன் விருப்பத்தில் அதை விட்டு விலகுவான். இதைக் கான்ட் அவனுடைய முரட்டுத்தனமாகச் சொல்லவில்லை. ரஸனை தன்னாட்சி கோருவது என்பதற்கு உதாரணமாகவே சொல்கிறார். பிறர் தீர்ப்பைத் தன் தீர்ப்புக்கு ஆதாரமாக்கிக்கொள்வது அடிமைத்தனம் என்பது அவர் கட்சி.

அந்த இளம் கவிஞனை எனக்குப் பிடித்திருக்கிறது. மோசமான கவிதையைத் தன்னுடையதென்று பிடித்துக்கொண்டு நிற்பவனுக்கு, அதை என்றாவது தானே விட்டுவிடும் வாய்ப்பு இருக்கிறது. நல்ல தீர்ப்பை இரவல் வாங்கியவனுக்கு விட எதுவுமில்லை.

எந்தப் பொருளை யார் சொல்லக் கேட்டாலும் அதன் மெய்ப்பொருளைத் தானே காண வேண்டும் என்ற குறளை நாம் எல்லோரும் பள்ளியில் மனப்பாடம் செய்தோம். வள்ளுவர் சொன்னார் என்பதற்காக.

5

இதற்கு மறுப்பு ஒன்று உண்டு. அது வலுவான மறுப்பு. யாருடைய ரஸனைதான் இரவல் இல்லாமல் தொடங்கியது? குழந்தை பாஷையையே இரவல்தானே வாங்குகிறது? புதுமைப்பித்தனையும் மௌனியையும் நான் முதலில் எடுத்ததற்குக் காரணம், யாரோ எடுக்கச் சொன்னதுதான். மௌனியில் முதல் நாலு கதை எனக்கு ஒன்றுமே புரியவில்லை. புரியாவிட்டாலும் இதில் ஏதோ இருக்கிறது என்று இன்னொருவர் சொன்னதை நம்பித்தான் ஐந்தாவது கதைக்குப் போனேன். அந்த நம்பிக்கை இல்லையென்றால் எனக்கு மௌனி இல்லை. என் தன்னாட்சியை மட்டும் வைத்துக்கொண்டிருந்தால் நான் வாரப் பத்திரிகையோடு நின்றிருப்பேன்.

உண்மை. கான்டும் இதை ஒப்புக்கொள்கிறார். எல்லாத் திறன்களிலும் ரஸனைக்குத்தான் முன்னுதாரணங்கள் அதிகம் தேவை என்கிறார். முன்னோடியைப் பின்தொடர்வது வேறு, பின்பற்றி நகலெடுப்பது வேறு என்று பிரிக்கிறார். நான் வங்கியில் கடன் பிரிவில் உட்காருகிறவன். எனக்கு இது வேறு விதமாகப் படுகிறது. கடன் வாங்குவது குற்றமல்ல. கடன் இல்லாமல் யாரும் தொழில் தொடங்குவதில்லை. வாங்கிய கடனை வருமானம் என்று கணக்கில் காட்டுவதுதான் குற்றம்.

மௌனி விஷயத்தில் நான் வாங்கியது கடன். கடன் என்று தெரிந்தே வாங்கினேன்; படித்துப் படித்து அடைத்தேன். அப்பாவிடம் காட்டியது வருமானம். ஒரே வயதில், ஒரே பத்திரிகைக் கட்டிலிருந்து, இரண்டும் செய்தேன். புகழ்ச்சி என்னைப் புத்தகத்துக்கு அனுப்பியது. கண்டனம் புத்தகத்தைத் திறக்காமலிருக்க அனுமதி கொடுத்தது. இதில் விமர்சகர்கள் யோசிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. ஒரு நூலைப் பாராட்டினால் வாசகன் அதை வாங்கிப் படித்து நம்மைச் சோதித்துவிடுவான். நிராகரித்தால் சோதனைக்கு வழியே அடைபட்டுப் போகிறது. ஆகவே நிராகரிப்புக்கு அதிக சாட்சியம் தேவை. நம் பழக்கமோ நேர்மாறு. பாராட்டு பத்துப் பக்கம். நிராகரிப்பு இரண்டு வாக்கியம்.

எங்கள் வேலையில் ஒரு விதி உண்டு. ஒருவர் கணக்கில் பதிவு செய்தால் வேறொருவர் சரிபார்த்து ஒப்புதல் கொடுக்க வேண்டும். பதிவு செய்தவரே ஒப்புதலும் கொடுக்க முடியாது. பதிவு செய்தவர் நல்லவர், அனுபவஸ்தர், அதனால் பார்க்காமலே ஒப்புதல் கொடுத்தேன் என்றால் அந்த வாதம் எந்த விசாரணையிலும் நிற்காது. இரண்டாவது ஆளை அங்கே வைத்திருப்பதே முதல் ஆளை நம்பாமலிருப்பதற்காகத்தான். அதில் அவமரியாதை எதுவும் கிடையாது. மரியாதையே அதுதான்.

விமர்சனத் தீர்ப்பின் வடிவம் ஒரு கேள்வி என்று எஃப்.ஆர். லீவிஸ் சொல்வதுண்டு. 1932லிருந்து 1953 வரை ‘ஸ்க்ருட்டினி’ பத்திரிகையை நடத்தியவர். மென்மையானவர் என்று அவரை யாரும் குற்றம்சாட்டியதில்லை. அவர் கணக்குப்படி விமர்சகன் சொல்வது ‘இது இப்படி, அப்படித்தானே?’ என்பது. அதற்கு வர வேண்டிய பதில் ‘ஆமாம், ஆனால்’ என்பது. அந்த ‘ஆனால்’ வராத இடத்தில் விமர்சனம் நடக்கவில்லை, அறிவிப்பு நடந்திருக்கிறது. லீவிஸைச் சுற்றி இருந்தவர்களிலேயே எத்தனை பேர் அந்த ‘ஆனால்’ சொன்னார்கள் என்பது கேட்க வேண்டிய கேள்விதான். வலுவான குரலைச் சுற்றி எப்போதும் எதிரொலிதான் கூடுகிறது. நம் சிறு வட்டத்தைப் பற்றி இதைச் சொல்லத் தேவையில்லை. இதைப் படிக்கிறவர்கள் எல்லோரும் அந்த வட்டத்தில் இருப்பவர்கள்.

6

அப்பாவின் கதைக்கு ஒரு பின்பகுதி உண்டு. அவருக்கு இப்போது எழுபத்தாறு. இரண்டு கண்ணிலும் அறுவை செய்தும் சிறிய எழுத்து தெரிவதில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் வீடு மாற்றியபோது பஞ்சாங்கங்களுக்குப் பின்னாலிருந்து பைண்டு வந்தது. ஓரம் பொடிந்திருந்தது. நான் படிக்கட்டுமா என்று கேட்டேன். உனக்குப் பிடிக்காதேப்பா என்றார். அவருக்கு ஞாபகமிருந்தது. படித்தேன். இரவில் கொஞ்சம் கொஞ்சமாக, நாலு மாதம், முழுவதும்.

என் தீர்ப்பு மாறவில்லை. பாத்திரங்கள் மனிதர்களாக நடமாடுவதைவிட லட்சியங்களாக நிற்கிறார்கள். ஒருவருக்கொருவர் பேசாமல் நம்மிடம் பேசுகிறார்கள். ஆசிரியர் அவர்களுக்குக் குறுக்கே வந்து பொன்மொழி சொல்லிவிட்டுப் போகிறார். பத்தொன்பது வயதில் படித்த அந்தக் கட்டுரை சொன்னது பெரும்பாலும் சரி. ஆனால், தகப்பனை இழந்த ஒரு பெண் தம்பி தங்கையோடு பிழைப்புக்கு வழி தேடும் ஆரம்ப அத்தியாயங்களில், வறுமையைவிட கௌரவம் எப்படி அதிகமாகப் படுத்துகிறது என்று தெரிந்த ஒருவரின் கை இருக்கிறது. இதை அந்தக் கட்டுரை சொல்லவில்லை. இதைச் சொல்ல எனக்கு அந்தக் கட்டுரையும் வேண்டியிருந்தது, அந்த நாலு மாதமும் வேண்டியிருந்தது. ஓர் இடத்தில் நிறுத்தி, இங்கே கொஞ்சம் மேடைப் பேச்சாகிவிடுகிறது என்றேன். “ஆமா, அந்த இடம் எனக்கும் அப்படித்தான். தாண்டிடுவேன்” என்றார் அப்பா. ஐம்பது வருஷமாகத் தாண்டிக்கொண்டு வந்திருக்கிறார்.

நான் இரண்டு எதிர் முகாம்கள் என்று நினைத்திருந்ததும் அவ்வளவு எளிதாக இல்லை. நா. பார்த்தசாரதி 1965ல் தொடங்கிக் கடைசிவரை நடத்திய ‘தீபம்’ பத்திரிகையில்தான் வல்லிக்கண்ணன் புதுக்கவிதையின் தோற்றத்தையும் வளர்ச்சியையும் தொடராக எழுதினார். அதைப் புத்தகமாகப் போட்டது செல்லப்பாவின் எழுத்து பிரசுரம். 1978ல் சாகித்ய அகாதெமி பரிசு பெற்ற நூல் அது. ‘எழுத்து’வின் சரித்திரம் ‘குறிஞ்சி மலர்’ ஆசிரியரின் பத்திரிகையில் எழுதப்பட்டிருக்கிறது. இதனால் நாவல் நல்ல நாவலாகிவிடாது. அந்தக் கோட்டை நான் வரைந்தேனா, வரைந்து கொடுத்ததை வாங்கினேனா என்பதுதான் எனக்குத் தெளிவாகியது.

மாணவரின் கடிதத்துக்கு வருகிறேன். என் மதிப்புரையை எடுத்து மறுபடி படித்துப் பார்த்தேன். தொகுப்பில் ஐம்பதுக்கும் மேற்பட்ட கவிதைகள். நான் வரி எடுத்துக் காட்டி அலசியிருந்தது இரண்டு. மற்றவற்றுக்கு ‘இவ்வகையே’ என்ற ஒரு சொல். முழுத் தொகுப்பையும் படித்துத்தான் எழுதினேன். என் தீர்ப்பு இரவலல்ல. ஆனால் அதைச் சோதிக்க வேண்டிய சாதனத்தை வாசகனுக்கு நான் கொடுக்கவில்லை. அவர் புத்தகத்தை எடைக்குப் போட்டதில் என் பங்கு இந்த ஒரு சொல்லில் இருக்கிறது.

தொகுப்பின் என் பிரதியில் பென்சிலால் கோடும் குறிப்பும் நிறையப் போட்டிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எல்லாவற்றையும் ரப்பரால் அழித்தேன். பிரதியை அவருக்கு அனுப்பி வைத்தேன். கூடவே ஒரு கார்டு. கவிதைகள் மனப்பாடம் என்று எழுதியிருந்தீர்கள். பேப்பர் கடைக்குப் போனது தாள்தான், அவை உங்களிடமே இருக்கும். அவற்றில் எது இப்போதும் நிற்கிறது, எது விழுகிறது, எந்த இடத்தில் என்று எழுதுங்கள். நான் சொன்னது தவறென்று எழுதினாலும் சரி. இந்தப் பத்திரிகையில் அதற்கு இடம் கேட்டு வைத்திருக்கிறேன்.

மூன்று வாரமாகிறது. இன்னும் பதில் வரவில்லை. படித்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்துக்கொள்கிறேன்.